உப்புத் தண்ணி ஊரில் பைபர் கம்பியும் இரும்புக் கம்பியும்

எங்கள் பழைய வீட்டுக் கூடத்தின் மேல்தளத்திலிருந்து முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து, அப்பா மதியம் படுக்கும் கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. அன்றைக்கு அவர் குடியாத்தம் போயிருந்தார். மேலே நிமிர்ந்து பார்த்தால் கம்பி தெரிந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினேன், வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாகத் துரு உதிர்ந்தது, உள்ளே மிச்சமிருந்த இரும்பு பென்சிலைவிட மெலிசு. அந்த வீடு கட்டி 35 வருடம்கூட ஆகவில்லை.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் இருப்பவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு வரும், அதை ஊற வைத்துக் கழுவும் தண்ணீரில் அத்தனை உப்பும் கரைந்து போகும். பல வருடம் அது பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கியதைத்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது. குடிக்கிற தண்ணீரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம், வீட்டுக்குள் இருக்கிற கம்பியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உப்பில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் போனால் கம்பியின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலத்தை உடைத்துவிடும், அப்புறம் துரு. துருப்பிடித்த இரும்பு தன் பழைய அளவைவிடப் பல மடங்கு வீங்கும், வீங்கும்போது கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். எங்கள் கூடத்தில் நடந்தது அதுதான்.

புது வீடு கட்டுவது என்று முடிவானதும் நான் முதலில் தேடியது துருப்பிடிக்காத கம்பி. அப்படித்தான் பைபர் கம்பி, அதாவது கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இழுத்துச் செய்கிற கம்பி, கைக்கு வந்தது. விற்பனைக்கு வந்த தம்பி நல்ல விதமாகப் பேசினார். துரு பிடிக்காது, இரும்பின் எடையில் கால் பங்குதான், வலிமை இரும்பைப் போல இரண்டு மடங்கு, அதனால் 10 எம்எம் இரும்புக்குப் பதில் 8 எம்எம் பைபர் போதும், மொத்த வீட்டுக்கும் போட்டுவிடலாம் சார் என்றார். நான் அன்று ராத்திரியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஃப்இ 550 என்ற ரக இரும்பு 550 மெகாபாஸ்கல் (இழுவையை அளக்கும் அலகு) இழுவையில் இளக, அதாவது திரும்பச் சுருங்காதபடி நீள, ஆரம்பிக்கும், அவர் காட்டிய கம்பி 1000 தாங்கும் என்று தாளில் இருந்தது, 8 எம்எம் பைபரின் குறுக்குவெட்டு 50 சதுர மில்லிமீட்டர், 10 எம்எம் இரும்புடையது 78. பெருக்கினால் உண்மையிலேயே பைபர்தான் அதிகம் இழுவை தாங்குகிறது. கணக்கில் பொய் இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கை நம்பி மேல்தளம் போட்டிருந்தால் பெரிய தப்பாகியிருக்கும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு வரைபடம் போட்டுக்கொடுத்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வயதானவர், அதிகம் பேச மாட்டார். நான் பைபர் என்றதும் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. "ரெண்டு கம்பியையும் எடுத்துட்டு வாங்க தம்பி" என்றார். சைட்டில் இரண்டு ஹாலோ பிளாக்கை ஐந்தடி இடைவெளியில் வைத்து, மேலே 10 எம்எம் இரும்புக் கம்பி ஒன்று, பக்கத்தில் அதே 10 எம்எம் பைபர் கம்பி ஒன்று வைத்தார். நடுவில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார். இரும்பு கொஞ்சம் தழைந்தது, அரை விரல் கனம் இருக்கும். அதே பாட்டிலைப் பைபரில் மாட்டினார், கம்பி வில் மாதிரி வளைந்து ஒரு அங்குலத்துக்கும் மேலே இறங்கியது. அளவுகோலை வைத்துப் பார்த்தோம், ஏறக்குறைய நாலு பங்கு. பாட்டிலை எடுத்ததும் இரண்டுமே பழையபடி நிமிர்ந்துவிட்டன.

"இழுத்தா அறுந்து போறதுக்கு எவ்வளவு பலம் வேணும்ங்கறது வேற, பாரம் ஏறினா எவ்வளவு நீளும்ங்கறது வேற. உங்க வீட்டு ரூஃப் கம்பி அறுந்து விழறதில்ல. கம்பி நீண்டா கான்கிரீட் விரியும், தளம் தொய்யும், சுவத்துல வெடிப்பு வரும், கதவு சிக்கும்" என்றார். இரும்பின் விறைப்பு, அதாவது நீளாமல் எதிர்த்து நிற்கும் தன்மை, 200 கிகாபாஸ்கல், கண்ணாடி இழைக் கம்பிக்குப் பெரும்பாலும் 45லிருந்து 60 வரைக்கும்தான். அதையும் குறுக்குவெட்டையும் சேர்த்துப் பெருக்கினால், 10 எம்எம் இரும்பை எடுத்துவிட்டு 8 எம்எம் பைபர் வைக்கும்போது விறைப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வலிமைக் கணக்கை மட்டும் காட்டி "ஒரு சைஸ் குறைச்சுப் போடலாம்" என்று யாராவது சொன்னால் இந்த ஒரு கணக்கைத் திருப்பிக் கேளுங்கள். பைபரில் மேல்தளம் போடவே முடியாது என்று அவர் சொல்லவில்லை. போடலாம், ஆனால் தளத்தின் கனம், கம்பி எண்ணிக்கை, இடைவெளி எல்லாவற்றையும் பைபருக்கென்று முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும், போட்டால் கம்பி கூடத்தான் ஆகும். நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிற பாரத்துக்கு அதன் முழு வலிமையையும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. அமெரிக்க விதியில் அதற்கு 30 சதவீதம்தான் உச்சவரம்பு, ஏனென்றால் கண்ணாடி இழை வருடக்கணக்கில் இழுபட்டுக்கொண்டே இருந்தால் சொல்லாமல் அறுந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று செய்தார். இரும்புக் கம்பியை முட்டியில் வைத்து வளைத்தார், வளைந்தது, வளைந்தபடியே நின்றது. பைபரைக் கம்பி கட்டுகிற அண்ணனிடம் கொடுத்து வளைக்கச் சொன்னார். அது வளைந்து வளைந்து, விட்டால் நிமிர்ந்து, கடைசியில் வளைக்கிற பலகை ஆணிக்கு நடுவே மாட்டி இழுத்தபோது சடசடவென்று நார் நாராகப் பிளந்தது. இரும்பு இளகும், இளகும்போது நிறைய சக்தியை வாங்கிக்கொள்ளும், நிலநடுக்கத்தில் கட்டிடம் ஆடினாலும் விழாமல் நிற்பது அதனால்தான். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1893இன் 2016 பதிப்பில் வேலூர் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. பில்லரைச் சுற்றி வரும் ரிங்கின் முனையை 135 பாகைக்கு மடக்கி உள்ளே விட வேண்டும் என்று கேட்பதும் இதற்காகத்தான். பைபரைச் சைட்டில் மடக்கவே முடியாது, தொழிற்சாலையிலேயே வளைத்து வர வேண்டும், வளைவு இருக்கும் இடத்தில் அதன் வலிமை பாதி அளவுக்குக் குறையும். பில்லரில் அமுக்கு விசை வேறு, அதில் பைபர் கம்பியின் பங்கைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தீப்பிடித்தால் இன்னும் மோசம், பிசின் 100 டிகிரியைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே இளக ஆரம்பித்துவிடும். இரும்பு பாதி வலிமையை இழக்கவே 550 டிகிரிக்குப் பக்கம் போக வேண்டும். சரி, பில்லர், பீம், மேல்தளம், படிக்கட்டு எல்லாம் இரும்புதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

ஆனால் பைபரை அவர் ஒதுக்கவில்லை. மாட்டுக் கொட்டகைத் தரை, கார் நிற்கிற தளம், வாசல் நடை, இவை மண்மேல் படுத்திருக்கிற கான்கிரீட், கீழே பூமியே தாங்குகிறது. கம்பிக்கு அங்கே வெடிப்பு விரியாமல் பிடித்து வைக்கிற வேலைதான். கொட்டகைத் தரையில் தினமும் மாட்டு மூத்திரமும் கழுவுகிற போர் தண்ணீரும் ஊறும், இரும்புக்கு அதைவிடக் கெட்ட இடம் எங்கள் வீட்டில் வேறு இல்லை. பைபரைப் போட வேண்டிய இடம் அதுதான் என்றார். கடலோரச் சுவர், உப்பு ஏறும் பாலத்தளம், மெட்ரோவில் சுரங்க இயந்திரம் அறுத்துக்கொண்டு போக வேண்டிய சுவர்ப்பகுதி, இங்கெல்லாம் உலகம் முழுக்க இதைப் போடுகிறார்கள். நம் வேலூர் ஆஸ்பத்திரிகளுக்குப் பேர் போன ஊர், எம்ஆர்ஐ ஸ்கேன் அறைக்குக்கூட இந்தக் கம்பி ஏற்றது, காந்தம் இதை இழுக்காது.

கம்பி வந்த அன்று எல்லோருக்கும் ஆச்சரியம். 10 எம்எம்மில் 100 மீட்டர் சுருள், எடை 16 கிலோ சுமார், என் தம்பி அதை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏற்றிக்கொண்டு வந்தான். அதே நீள இரும்பு 62 கிலோ வரும். ஆனால் சுருளை அவிழ்க்கும்போது கவனம் வேண்டும். சுருளின் கட்டுகளை ஒரே வெட்டில் அறுத்தோம், சுருள் மொத்தமும் விரிந்து பாம்பு சீறுகிற மாதிரி அடித்தது, பக்கத்தில் நின்ற சித்தாள் அக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அடுத்த சுருளை இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து, மெதுவாக உருட்டிப் பிரித்தோம். இரும்பு வெட்டுகிற கட்டரில் பைபரை வெட்டக்கூடாது, முனை நசுங்கி இழை பிரிந்துவிடும். கிரைண்டரில் டைமண்ட் பிளேடு போட்டு அறுக்க வேண்டும், அறுக்கும்போது பறப்பது கண்ணாடித் தூள். கம்பி கட்டுகிற அண்ணன் பனியனோடு உட்கார்ந்து பத்துக் கம்பி அறுத்தார், ராத்திரி முழுக்க கையும் கழுத்தும் அரிப்பெடுத்துத் தூங்கவே இல்லை என்று மறுநாள் சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, அதை முன்னாலேயே தெரிந்துகொண்டு சொல்லியிருக்க வேண்டியவன் நான். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, மாஸ்க் நாலும் வாங்கி வைத்துவிட்டுத்தான் கிரைண்டரை ஆன் செய்ய வேண்டும்.

கான்கிரீட் போட்ட அன்று இன்னொரு பாடம். கார் நிற்கிற தளத்தின் முதல் பாதியில், ஐந்து அங்குலக் கனத்தில், பைபர் கம்பி வலையைக் கவர் பிளாக்கின், அதாவது கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற சின்னக் கட்டையின், மேல் வைத்துவிட்டு வழக்கம்போல் கான்கிரீட் கொட்டினோம். வைப்ரேட்டர் விட்டதும் வலை மெல்ல மேலே எழும்பி வந்தது. கான்கிரீட் கன மீட்டருக்கு 2400 கிலோ, பைபர் 2000 கிலோ பக்கம், தண்ணீரில் கட்டை மிதப்பது போல இது ஈரக் கான்கிரீட்டில் மிதக்கிறது. 7850 கிலோ இரும்போடு வேலை செய்து பழகிய கைக்கு இது தோன்றவே தோன்றாது. இரண்டு பேர் பலகையால் அமுக்கிக்கொண்டே நின்று அந்தப் பாதியை எப்படியோ முடித்தோம், ஓரத்தில் ஒரு இடத்தில் கம்பி மேற்பரப்புக்கு மிக அருகில் இருக்கிறது, இன்றும் வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கோடு தெரியும். மறு பாதிக்குக் கீழே சன்னக் கான்கிரீட் போடும்போதே, அது ஈரமாக இருக்கையில், கட்டுக்கம்பி நீட்டிய சின்னச் சின்ன சிமெண்ட் கட்டைகளை மூன்றடிக்கு ஒன்றாகப் பதித்துவிட்டோம். மறுநாள் வலையை அந்தக் கட்டுக்கம்பியில் இழுத்துக் கட்டியதும் அசையவே இல்லை. கொட்டகையிலும் அப்படியே செய்தோம், நன்றாக வந்தது.

இரும்புப் பக்கம் வருவோம், உண்மையில் எங்கள் காசும் உழைப்பும் அதிகம் போனது இங்கேதான். பழைய வீட்டை இடிக்கும்போது இன்ஜினியர் தளத்துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார். பல இடத்தில் கம்பிக்குக் கீழே கால் அங்குலக் காரைகூட இல்லை, கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், கொட்டும்போது ஜல்லி நழுவிக் கம்பி பலகையோடு ஒட்டிவிட்டிருக்கிறது. கலவைக்கும் நனைப்புக்கும் எங்கள் போர் தண்ணீர்தான். அந்த வீட்டைத் தின்றது உப்பும், கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், இல்லாததும். இரும்பின் மேல் மட்டும் பழி போட்டு நான் பைபர் தேடி ஓடினது பாதி நியாயம்தான்.

அதனால் முதலில் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456இன்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, கம்பியே இல்லாத வெறும் கான்கிரீட்டுக்கு 2000 வரை போகலாம். எங்கள் தண்ணீர் 500ஐத் தாண்டிவிட்டது. மலையோரத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரையும் கொடுத்தோம், அது தேறியது, கலவைக்கும் நனைப்புக்கும் டேங்கரில் அதையே கொண்டு வந்தோம். செலவுதான், ஆனால் மொத்த வீட்டுச் செலவில் தண்ணீர் டேங்கர் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால் டைல்ஸில் ஒரு ரூம் டிசைனை மாற்றுகிற காசுதான். ஒன்றைக் கவனியுங்கள், கலவைக்கு நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டு நனைக்க மட்டும் போர் தண்ணீர் பிடிக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய, நம் வெயிலில் அந்தத் தண்ணீர் காய்ந்து உப்பு மேலே பூக்கும், திரும்ப நனைக்க உள்ளே இறங்கும். நாங்கள் 14 நாள் சாக்குப் போட்டு நனைத்தோம்.

கவருக்காக மேஸ்திரியோடு எனக்கு வாக்குவாதமே ஆனது. அடித்தளத்துக்கு 50 மில்லிமீட்டர், பில்லருக்கு 40, மேல்தளத்துக்கு 30 என்று வரைபடத்தில் இருந்தது. "முப்பது வருஷமா கட்டறேன் சார், ஜல்லி வெச்சாலே போதும்" என்றார். நான் ஒன்றும் பேசாமல் பழைய வீட்டுத் தளத்துண்டு ஒன்றை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அதைக் கையில் வாங்கி, கம்பி இருந்த பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து அவரே எண்ணி எண்ணிக் கவர் பிளாக் வைத்தார். அதோடு, கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் கம்பிமேல் நடக்காமல் தயவு செய்து பார்த்துக்கொள்ளுங்கள். சன்ஷேடில் கம்பி மேல்பக்கம் இருந்தால்தான் அது தாங்கும், மிதித்துக் கீழே போய்விட்டால் கம்பி இருந்தும் இல்லாததுதான். குறுக்கே பலகை போட்டு அதன்மேல்தான் நடக்கவிட்டோம்.

இரும்புக் கம்பி வாங்கும்போது ஐஎஸ் 1786 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள், ஒரு மீட்டர் வெட்டி எடை போடுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் வரும், 12 எம்எம்முக்கு 0.89, 10 எம்எம்முக்கு 0.62. ரொம்பக் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள். பைபரோடு விலை ஒப்பிடும்போதும் இது உதவும், ஏனென்றால் இரும்பைக் கிலோவிலும் பைபரை மீட்டரிலும் விற்கிறார்கள். இரண்டையும் மீட்டருக்கு மாற்றிக்கொண்டு, வடிவமைப்பில் எத்தனை மீட்டர் வருகிறது என்று பார்த்தால்தான் விலை தெரியும். மண்மேல் போட்ட தளத்தில் எங்களுக்கு இரண்டும் பெரிய வித்தியாசம் இல்லாமல் வந்தது, வண்டிக்கூலியும் ஏற்று இறக்குக் கூலியும் மிச்சம்.

பைபர் வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் பிசின் என்ன என்று கேளுங்கள். கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, அந்தக் காரம் கண்ணாடியையும் மெல்ல அரிக்கும், இழையைக் காப்பது பிசின்தான். வினைல் எஸ்டர் என்றால் சரி, சாதா பாலியஸ்டர் வேண்டாம். 2023இல் நம் நாட்டிலேயே ஐஎஸ் 18256 என்று இந்தக் கம்பிக்குத் தனித் தரவிதி வந்துவிட்டது, அதன்படி சோதனைச் சான்று கேட்டு வாங்கலாம். விறைப்பு எத்தனை கிகாபாஸ்கல் என்று அந்தத் தாளில் முதலில் பாருங்கள், வலிமை அப்புறம்.

மாடியில் பின்னால் எடுக்கப்போகும் அறைக்காகப் பில்லர் கம்பியை மூன்றடி நீட்டி விட்டிருக்கிறோம், எல்லோரும் செய்வதுதான். பழைய வீட்டில் அந்தக் கம்பி வழியாகத்தான் மழைத் தண்ணீரும் துருவும் கீழே இறங்கியது. இந்த முறை சிமெண்ட் பால் பூசி, சிமெண்ட் குறைத்த கான்கிரீட்டால் சுற்றி மூடி வைத்துவிட்டோம், மாடி எடுக்கும்போது தட்டி எடுத்துவிடலாம். அங்கே மட்டும் பைபர் நீட்டிவிடலாமே என்று மேஸ்திரி கேட்டார். அந்தப் பில்லருக்கும் அது ஆகாது, வெயிலுக்கும் ஆகாது.

வெயில் என்ன செய்யும் என்பதை எங்கள் பீர்க்கங்காய்ப் பந்தலில் பார்த்தேன். மிச்சமான பைபர் கம்பிகளை அம்மா பந்தலுக்குக் கேட்டார், எடை இல்லை, துரு இல்லை, கொடி அழகாக ஏறியது. இரண்டு கோடை போனது. போன மாசி மாதம் காய் பறிக்கக் கம்பியைப் பிடித்தபோது உள்ளங்கையில் சுருக்கென்றது. மேல்தோல் பிசின் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது, அடியிலிருந்து மயிர் மயிராகக் கண்ணாடி இழை நீட்டிக்கொண்டிருந்தது. கான்கிரீட்டுக்குள் வெயில் படாது, அங்கே இந்தப் பிரச்சினை இல்லை. கம்பி வாங்கினால் போடும் நாள் வரை தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். பந்தலுக்கு இப்போது மூங்கில் வெட்டி வந்துவிட்டோம், பைபர் துண்டுகளைக் கையுறை போட்டு எடுத்துச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், கொட்டகைக்குப் பின்னால் ஒரு நடை போட வேண்டியிருக்கிறது. அதில் கம்பியே தேவையில்லை என்கிறார் இன்ஜினியர், அதனால் அந்தச் சாக்கை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.